நிமிர்த்தி வைத்த தேதிகள்

"உட்காருங்க" என்று பெரியவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் உட்காரவில்லை. கொண்டுவந்திருந்த தாளை மேசைமேல் விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்து அதன்மேல் வைத்தார். தாளில் ஒரு வரியின் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது.

"எங்க ரெண்டாவது லிஃப்ட். கடைசியா பராமரிப்புக்கு வந்தது மே மாசம் மூணாம் தேதின்னு உங்க ஆபீஸ் அனுப்பின தாள்ல இருக்கு. படிச்சுப் பாருங்க."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

"மே மூணாம் தேதி உங்க பட்டறை பூட்டியிருந்தது ஐயா. உங்க தம்பி தவறின நாள் அது. நானே வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னேன். லிஃப்டுக்கு எண்ணெய் போட்டதா எழுதியிருக்கே, உங்க தம்பி மகன், அவன் என் தோள்ல சாஞ்சு அழுதான். அப்போ எங்க லிஃப்டுக்கு எண்ணெய் போட்டது யாரு?"

பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கு எழுபத்து நான்கு வயது. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பின்பலகையைத் தொடாது. லிஃப்ட் பொருத்தும்போது மேலேயிருந்து குண்டு கட்டித் தொங்கவிடும் நூல் எப்படி நிற்குமோ அப்படி நிற்பார், நடப்பார், பேசுவார். பட்டறை ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைத் தூக்குநூல் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சனிக்கிழமை எங்க நாலாவது மாடி தையல்கார அம்மா ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க" என்றார் செயலாளர். "அது மெஷின். மெஷின்னா நிக்கத்தான் செய்யும், ஒத்துக்கறேன். ஆனா செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதறது மெஷின் பண்ற காரியம் இல்ல. ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். வந்து என்னன்னு சொல்லுங்க. பொய் எழுதற ஆளுங்க கையில எங்க பிள்ளைகுட்டிகளை ஏத்தி இறக்க முடியாது."

அவர் போன பிறகும் 'பொய்' என்ற சொல் பட்டறையில் கிரீஸ் வாடையோடு கலந்து நின்றது. சுவரில், புதிதாக மெருகேற்றிய பித்தளைப் பலகைகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெரியவருடைய தந்தையின் பெயர். அவர்கள் பராமரிக்கும் ஒவ்வொரு லிஃப்டின் உள்ளேயும், பொத்தான்களுக்கு மேலே, அந்தப் பலகை ஒன்று இருக்கும். ஊரில் வேறு எந்தப் பட்டறையும் லிஃப்டுக்குள் தன் பெயரை அப்படி எழுதி வைப்பதில்லை. நின்று போனால் உள்ளே மாட்டிக்கொண்டவன் முதலில் திட்டுவது அந்தப் பெயரைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரியவருடைய தந்தை அதற்காகவேதான் வைத்தார்.

"சின்னவனைக் கூப்பிடும்மா" என்றார் பெரியவர்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மடிக்கணினி முன்னால் மருமகள் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. கணவன் வெளிநாட்டில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறான். அவன் விட்டுப்போன அலுவலக வேலை முழுவதும் அவள் தலையில். மாமியாருக்கு மூட்டுவலி, பிள்ளைகளுக்குப் பரீட்சை, இந்தப் பட்டறை என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவள். அவள் முகத்தில் எப்போதும் தூக்கம் பாக்கியிருக்கும்.

"வந்துக்கிட்டுத்தான் இருக்காரு மாமா."

"அந்த லிஃப்ட் வரியை எடு. நம்ம கிட்ட என்ன இருக்குன்னு பார்ப்போம்."

அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனியாமல் பார்த்தார். குனிவது அவருக்குப் பழக்கமில்லை. திரையைத்தான் உயர்த்தச் சொல்வார்.

திரையில் 5/3 என்று இருந்தது. தாளில் 3/5.

"பார்த்தியா!" மேசையில் கை தட்டினார். "மார்ச் மாசம் அஞ்சாம் தேதின்னு நாம சரியாத்தான் எழுதியிருக்கோம். அந்த ஆள் மாத்தியிருக்கான். வேற கம்பெனிக்கு ஒப்பந்தத்தைத் தூக்கிக் கொடுக்க வழி பார்க்கறான். போனை எடு."

"மாமா, இருங்க."

"என்ன இருங்க?"

"அவர் மாத்தியிருந்தா அந்தத் தாளை நம்மகிட்டயே எதுக்குக் கொண்டு வரணும்? ஒரு நிமிஷம் பார்க்கறேன்."

அவள் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, தேதியைக் காட்டும் விதத்தை மாற்றினாள். மாதத்தை எண்ணாகக் காட்டாமல் பெயராகக் காட்டச் சொன்னாள். 5/3 என்று நின்றது அவர்கள் கண்ணெதிரிலேயே 'மே 3' என்று மாறியது.

பெரியவர் கையை மேசையிலிருந்து எடுத்தார்.

அந்த நேரத்தில் சின்னவன் வந்தான். தம்பி மகன். முப்பது வயது, முழங்கை வரைக்கும் கருப்பு. அப்பன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சட்டை இரண்டு அளவு பெரிதாகிப்போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பெரியப்பாவைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் எங்கேயும் போகல அண்ணி. அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போன அன்னைக்கு நான் எந்த லிஃப்டுக்குப் போவேன்?"

"நீ போனதா யாரும் சொல்லலப்பா. தாள் சொல்லுது" என்றாள் அவள். "மார்ச்சுல போனியா?"

"போனேன். குழியில தண்ணி நின்னது. போட்டோகூட உங்களுக்கு அனுப்பினேன்."

தொட்டுத் தொட்டுத் தேடினான். கைபேசியில் படம் இருந்தது. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழி, ஒரு சாண் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு குழந்தைச் செருப்பு. மேலே செய்தி சென்ற நாள், மார்ச் ஐந்து. கீழே அவன் எழுதியிருந்த செய்தி, '5/3 முடிஞ்சது'.

"அப்படின்னா நான் இதை அப்படியே எடுத்துக் கம்ப்யூட்டர் தாள்ல ஒட்டியிருக்கேன்" என்றாள் மருமகள். கண்ணை மூடித் திறந்தாள். "மாமா, இந்த மடிக்கணினி எப்போ வந்தது?"

"பிப்ரவரியில. உன் வீட்டுக்காரன்தானே அனுப்பினான்."

"அங்க வாங்கினது. அங்க மாசத்தை முதல்ல எழுதுவாங்க, நாளைப் பின்னால எழுதுவாங்க. நாம அஞ்சு மூணுன்னு கொடுத்தா இது அஞ்சாம் மாசம் மூணாம் தேதின்னு எடுத்துக்கிச்சு. நம்ம கண்ணுக்கு நாம எழுதின மாதிரியே காட்டிச்சு. இதே தாளை நாம மெயில்ல அனுப்பினோம். அதை அச்செடுத்த செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டர் நம்ம ஊர் வழக்கத்துல இருக்கு. அது உள்ள இருக்கற தேதியை நம்ம வழக்கத்துல காட்டியிருக்கு. அவர் பொய் சொல்லல. நாமும் பொய் எழுதல."

சின்னவன் நீளமாக மூச்சுவிட்டான். "அப்பாடா. அந்த மனுஷன் முகத்துல இப்பவே போய் இந்தப் போட்டோவைக் காட்டறேன்."

"நில்லு" என்றார் பெரியவர். அவருக்கு இன்னும் ஏதோ இடித்துக்கொண்டிருந்தது. "இது ஒரு வரி. மீதி வரியெல்லாம்?"

மருமகள் முழுப் பத்தியையும் தேர்ந்தெடுத்து மாதப் பெயருக்கு மாற்றினாள். சில தேதிகள் மாறின. சில அசையவே இல்லை. 18/3 என்பது 18/3 ஆகவே நின்றது. 25/4 என்பதும் அப்படியே. மாறியவற்றில் ஒன்றைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நிலையில் இல்லாத சிரிப்பு.

"மாமா, கண் ஆஸ்பத்திரி லிஃப்டை நாம வர்ற நவம்பர் நாலாம் தேதி பராமரிச்சு முடிச்சிட்டோம்."

"வர்ற நவம்பரா? இது ஜூலைம்மா."

"துணிக்கடைக்கு அக்டோபர்ல போயிட்டு வந்தாச்சு."

"என்னை விட வேகமா வேலை செய்யற ஆள் ஒருத்தன் இருக்கான் போலிருக்கு" என்றான் சின்னவன். யாரும் சிரிக்காததால் வாயை மூடிக்கொண்டான்.

"அசையாம நிக்கறதெல்லாம் என்ன?" என்றார் பெரியவர்.

"பதினெட்டாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே மாமா. அதனால அதைத் தேதின்னே இது ஏத்துக்கல. வெறும் எழுத்தா வச்சிருக்கு. பேர் எழுதற மாதிரி. பன்னிரண்டுக்குள்ள இருக்கறதைத் தலைகீழா எடுத்துக்கிச்சு, பன்னிரண்டுக்கு மேல இருக்கறதைக் கண்டுக்கவே இல்ல."

பெரியவர் விரலால் பத்தியைச் சுட்டினார். "தேதியா எடுத்துக்கிட்டதும் எடுத்துக்காததும் ஒரே மாதிரிதானே நிக்குது? இதை முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கறது?"

மருமகள் திரையையே பார்த்தாள். பிறகு விரல் நகத்தால் விசைப்பலகையின் ஓரத்தைச் சுரண்டினாள். அவள் அப்படிச் செய்தால் சொல்ல வேண்டியது வாயில் நிற்கிறது, சொல்ல மனம் வரவில்லை என்று அர்த்தம். பத்து வருடத்தில் பெரியவருக்கு அது தெரியும்.

"சொல்லும்மா."

"தேதியா இருந்தா கட்டத்துல வலப் பக்கம் ஒட்டி நிக்கும் மாமா. எழுத்தா இருந்தா இடப் பக்கம் ஒதுங்கும். அதுவே அடையாளம். மார்ச் மாசம் அப்படித்தான் இருந்தது, பாதி அங்கே பாதி இங்கேன்னு. நீங்கதான் ஒரு நாள்..."

அவர் நினைவுக்கு வந்துவிட்டது. மார்ச் கடைசி. காலையில் வந்து திரையைப் பார்த்தார். தேதிகள் கோணல் மாணலாகக் குடிகாரன் நடப்பது போல இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. 'இது என்ன, நம்ம வீட்டுக் கணக்கா, சந்தைக் கடையா? வரிசையா நிறுத்து' என்றார். அவள் 'ஏன் அப்படி வருதுன்னு பார்க்கறேன் மாமா' என்றாள். 'பார்க்கறது இருக்கட்டும், முதல்ல நிமிர்த்து' என்றார். அவள் பத்தியைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் வலப் பக்கம் தள்ளினாள். அன்றைக்கு அவருக்குத் தேநீர்கூட ருசியாக இருந்தது.

"அந்த வரிசையைக் கலை" என்றார் பெரியவர்.

அவள் சொடுக்கினாள். பத்தி மறுபடி இரண்டாகப் பிரிந்தது. ஏறக்குறையப் பாதித் தேதிகள் துவண்டு இடப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. எதுவும் மறைக்கப்பட்டிருக்கவில்லை. அவை மார்ச்சிலேயே கையை உயர்த்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கையைக் கீழே இறக்கச் சொன்னவர் அவர்தான்.

மேசையில் வைத்த தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

மருமகள் சொன்னாள், மெதுவாக, தப்பு தன்னுடையது என்பது போல. "இன்னொண்ணும் இருக்கு மாமா. அந்த லிஃப்டுக்கு மார்ச் அஞ்சாம் தேதி போனது உண்மைன்னா, மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஒப்பந்தம். ஜூன் முதல் வாரம் போயிருக்கணும்."

சின்னவனின் முகம் மாறியது. "நான் ஜூன்ல போகல."

"ஏன் போகல?" என்றார் பெரியவர்.

"சிவப்பு வரலையே பெரியப்பா."

மூன்று மாதம் தாண்டினால் தேதிக் கட்டம் தானாகச் சிவப்பாகும். அப்படி ஓர் ஏற்பாடு அந்தத் தாளில் உண்டு. மே மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்த கட்டம் ஆகஸ்டு வரைக்கும் வெள்ளையாகவே நிற்கும். நவம்பர் நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்த கட்டம் அடுத்த ஆண்டு வரைக்கும் வாய் திறக்காது. வெறும் எழுத்தாகிப்போனவை என்றைக்குமே சிவக்காது. இந்த ஆண்டு முழுவதும் தாளில் ஒரு சிவப்பும் வரவில்லை என்று பெரியவர் பெருமையாகப் பேசியதுண்டு. போன மாதம்கூடச் சொந்தக்காரர் வீட்டில் சொன்னார்.

"போன வருஷமெல்லாம் தாளைப் பார்த்தா போனே?"

"போன வருஷம் அப்பா இருந்தாரு." சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காலையில தேநீர் குடிக்கும்போதே சொல்லிடுவாரு. இன்னைக்குக் கண் ஆஸ்பத்திரி, மத்தியானம் துணிக்கடை, வர்ற வழியில அந்த மூணு மாடிக்காரன் கதவைத் தட்டிப் பாருன்னு. தாள் எதுக்கு எனக்கு? ஏப்ரல் கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்தே சொல்லிக்கிட்டிருந்தாரு. அவர் போனதுக்கு அப்புறம் எனக்கு எதுவும் மண்டையில நிக்கல பெரியப்பா. சிவப்பு வந்தா போவோம்னு விட்டுட்டேன்."

பெரியவருக்குத் தம்பியின் முகம் வந்து நின்றது. நாற்பது லிஃப்டையும் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன். 'உன் தலை என்ன அலமாரியா? எழுதி வை' என்று அவர் எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார். 'நீங்க தாளை அழகா வச்சுக்குங்க அண்ணா, நான் லிஃப்டைப் பார்த்துக்கறேன்' என்று சிரிப்பான். அவர் அதைக் கேலி என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார். கேலி இல்லை என்பது இப்போது புரிந்தது. வேலையை இரண்டாகப் பங்கு பிரித்துத்தான் வைத்திருந்தான்.

சின்னவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அண்ணி, ஒரு எண்ணைத்தானே மாத்தணும்" என்றான்.

"எந்த எண்ணை?"

"மே ரெண்டுன்னு போட்டுடுங்க. பட்டறை அன்னைக்குத் திறந்திருந்தது. நான் போனேன், எழுதும்போது ஒரு நாள் தள்ளி எழுதிட்டோம்னு சொல்லிடலாம். மே ரெண்டுன்னா கெடுவும் தாண்டல. பொய்யும் இல்ல, தாமதமும் இல்ல. தாத்தா பேரு தப்பிக்கும்."

மருமகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் பெரியவரைப் பார்த்தார்கள்.

உடனே 'கூடாது' என்று அவர் வாயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவரோரம் பித்தளைப் பலகைகள் மின்னிக்கொண்டிருந்தன. பொய் எழுதினார்கள் என்று பெயர் வாங்குவதா, வேலையை மறந்து ஒரு பெண்பிள்ளையை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள் என்று பெயர் வாங்குவதா? இரண்டும் வேண்டாம் என்றால் ஒரே ஓர் எண். செயலாளர் நம்புவார். சின்னவனும் தலைநிமிர்ந்து நடப்பான். செத்துப்போன தம்பிகூட ஒன்றும் சொல்ல மாட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"முதல்ல எல்லாத்தையும் சரியான தேதிக்கு மாத்தும்மா" என்றார். "அப்புறம் பேசுவோம்."

அவள் வேலையைத் தொடங்கினாள். தலைகீழானவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினாள். எழுத்தாகிப்போனவற்றைத் தேதியாக்கினாள். சின்னவன் கைபேசியில் ஒவ்வொரு செய்தியாகத் தேடி, அனுப்பிய நாளைப் படித்தான். அவள் சரிபார்த்தாள். "கண் ஆஸ்பத்திரி?" "ஏப்ரல் பதினொண்ணு அண்ணி." "துணிக்கடை?" "ஏப்ரல் பத்து." அவளுக்கு நடுவில் ஒரு முறை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "சாப்பாடு அடுப்புல இருக்கு, பாட்டியைக் கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெரியவர் ஜன்னலோரம் நின்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்று இருந்தது.

"முடிஞ்சது மாமா."

திரும்பிப் பார்த்தார். தாள் சிவந்திருந்தது. ஒன்று, இரண்டு இல்லை. மேலிருந்து கீழ் வரைக்கும் விட்டு விட்டுச் சிவப்பு.

"எத்தனை?"

"பதினொண்ணு. செயலாளர் கட்டடத்தைச் சேர்த்து."

"அதுல ஆஸ்பத்திரி இருக்கா?"

"கண் ஆஸ்பத்திரி இருக்கு. அந்தப் பிரசவ விடுதியும் இருக்கு."

பிரசவ விடுதி லிஃப்டுக்குள் அவருடைய தந்தை கையாலேயே பலகை மாட்டியிருந்தார். இப்போது, இந்த நிமிடம், அந்தப் பலகைக்குக் கீழே யாரோ ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் மேலே போய்க்கொண்டிருக்கலாம். மே இரண்டு என்று எழுதினால் ஒரு சிவப்பு மறையும். மீதிப் பத்தும் மறையாது. மறைத்தாலும் லிஃப்டுக்குத் தெரியாதா, தனக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று என்று?

"மார்ச் அஞ்சுன்னே இருக்கட்டும்" என்றார் பெரியவர். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "சின்னவனே, பையை எடு. நேராப் பிரசவ விடுதி. சனிக்கிழமை அங்க லிஃப்ட் நின்னதும் கதவுப் பூட்டு முனையில கரி பிடிச்சுத்தானே, அதனால பூட்டைக் கழற்றிப் பார்க்காம வராதே. அது முடிஞ்சா ஆஸ்பத்திரி."

"ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு நான் வர வேண்டாமா பெரியப்பா? கேள்வி என்னையில்ல கேட்பாங்க?"

"உன்னை யாரு கேட்கறது? நாங்க சொன்னதெல்லாம் நீ செஞ்ச. நீ போ."

அவன் வாசல்வரை போய்த் திரும்பினான். "அவங்க பலகையைக் கழற்றச் சொல்லுவாங்க."

"திருப்புளி என்கிட்ட இருக்கு" என்றார் பெரியவர்.

சங்கக் கூட்டம் நான்காவது மாடிப் பொதுக்கூடத்தில். முதல் லிஃப்டின் முன்னால் மளிகைப் பைகளோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இரண்டாவது லிஃப்ட் தரைத்தளத்தில் கதவைத் திறந்தபடி நின்றது. நடுவில் ஒரு நாற்காலி, அதில் 'ஏறாதீர்கள்' என்று ஓர் அட்டை. பெரியவர் வரிசையில் நிற்கவில்லை. படியேறினார். இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடியில் ஒரு சின்னப் பெண் கதவு இடுக்கில் பார்த்து, "தாத்தா, தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

கூடத்தில் இருபது பேர் இருப்பார்கள். செயலாளர் நாற்காலி காட்டினார். இந்த முறை பெரியவர்தான் உட்காரவில்லை.

மருமகள் அனுப்பிவைத்திருந்த குழியின் படத்தைத் தன் கைபேசியில் காட்டினார். மாதம் முன்னால் நாள் பின்னால் என்று மடிக்கணினி புரிந்துகொண்டதைச் சொன்னார். மருமகள் சொன்ன வார்த்தைகளை அப்படியே நினைவில் வைத்திருந்து சொன்னார். செயலாளர் படத்தையும் தேதியையும் பார்த்தார். முகம் இளகியது.

"அப்படின்னா மே மூணுங்கறது கம்ப்யூட்டர் பண்ணின குளறுபடி. நான் அவசரப்பட்டுட்டேன் போலிருக்கு ஐயா. மன்னிச்சுக்குங்க. இத்தோட இதை..."

அங்கேயே முடித்திருக்கலாம். அந்த ஒரு கணம் கூடம் முழுவதும் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ ஒருவர் தண்ணீர் டம்ளரைக்கூட நீட்டிவிட்டார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றார் பெரியவர். "மார்ச் அஞ்சுக்கு அப்புறம் நாங்க வரவே இல்ல. ஜூன்ல வந்திருக்கணும். வந்திருந்தா கதவுப் பூட்டுல கரி பிடிச்சிருக்காது, லிஃப்ட் நின்னிருக்காது. தேதி தப்பா இருக்குன்னு தாள்லேயே அடையாளம் தெரிஞ்சது. பார்க்க அசிங்கமா இருக்குன்னு அதை வரிசைப்படுத்தச் சொன்னது நான். தம்பி மகன் இல்ல, மருமகள் இல்ல. கம்ப்யூட்டரும் இல்ல."

டம்ளர் நீட்டிய கை பாதியில் நின்றது. பின்வரிசையில் ஒருவர், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"பொய் எழுதறவங்கன்னு சொன்னீங்க" என்றார் பெரியவர் செயலாளரிடம். "அதை மட்டும் திருப்பி எடுத்துக்குங்க. மீதி எது சொன்னாலும் கேட்டுக்கறேன்."

செயலாளர் தலையசைத்தார். "எடுத்துக்கறேன்" என்றார். "ஆனா ஐயா, சங்கம் சும்மா இருக்காது. ஒப்பந்தத்தைப் பத்தி நாங்க உட்கார்ந்து பேசணும். அது முடியற வரைக்கும் அந்தப் பலகை உள்ள இருக்க வேண்டாம்."

"சரி."

கூட்டத்திலிருந்து தையல்கார அம்மா எழுந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "முக்கால் மணி நேரம் உங்க அப்பா பேரையே படிச்சுக்கிட்டு நின்னேன் ஐயா. முன்னாலேருந்து ஒரு தடவை, பின்னாலேருந்து ஒரு தடவை. வேற படிக்க உள்ள என்ன இருக்கு?" சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் கேட்க வந்தது அது இல்ல. இதே தாள்ல மத்த கட்டடமும் இருக்குமே. அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"இல்லைம்மா. இனிமேல்தான்."

"அப்போ இங்க எதுக்கு நின்னுக்கிட்டிருக்கீங்க? போங்க."

அது திட்டா அனுமதியா என்று அவருக்குத் தெரியவில்லை. தலையசைத்துவிட்டு இறங்கினார்.

கீழே, நாற்காலியை நகர்த்திவிட்டு லிஃப்டுக்குள் போனார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பலகையில் நான்கு திருகு. மூன்று சுலபமாக வந்தன. நான்காவது துருவேறிப் பிடித்துக்கொண்டது. தோள் வலிக்க அழுத்தித் திருக வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தும் பாராததுபோல் கைபேசியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பலகை கழன்ற இடத்தில் நீள்சதுரமாகப் பளிச்சென்று, வயதாகாத ஒரு துண்டுச் சுவர். பெயரை உள்பக்கமாகத் திருப்பிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில், கடைசிப் படியில், உட்கார்ந்தார். பொது இடத்தில் அவர் தரையோரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதுகு தானாகவே சுவரில் சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டுவிட்டார்.

மருமகளை அழைத்தார். "என்ன ஆச்சு மாமா?" என்றாள்.

"பலகை என் கையில இருக்கு. சின்னவன் என்ன சொல்றான்?"

"பிரசவ விடுதி முடிஞ்சதாம். பூட்டுல அங்கேயும் கரிதானாம். துடைச்சு மாட்டிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கான்." கொஞ்சம் தயங்கினாள். "மீதி ஆளுங்களுக்கு நான் காலையில போன் பண்ணிச் சொல்லட்டுமா மாமா? நீங்க வீட்டுக்குப் போங்க. சாப்பிடல நீங்க."

"நீ தேதியைப் பாரு. போன் நான் பண்றேன். முதல்ல யாரு?"

"துணிக்கடை முதலாளி. கோபக்காரர் மாமா."

"நம்பரைச் சொல்லு."

எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை. தம்பியாக இருந்திருந்தால் ஒரு முறை கேட்டால் போதும். திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாவது முறை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். எண்கள் மேலும் கீழுமாகக் கோணலாக விழுந்தன. அப்படியே விட்டுவிட்டு அழைத்தார். மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்து, "யாரு?" என்றார்கள், சலித்த குரலில்.

பெரியவர் தன் தந்தையின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு, "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு. லிஃப்டை இப்பவே நிறுத்திடுங்க, என்ன நடந்ததுன்னு நானே சொல்றேன்" என்று தொடங்கினார்.